டூல்பாரை நீக்கக் கணினியையே அழிக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாநகரிலும் ஏற்காட்டிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில், பிரவுசரில் தானாக வந்து உட்கார்ந்துகொண்ட டூல்பாரை (முகப்புப் பக்கத்தையும் தேடலையும் மாற்றிவிடும் கூடுதல் பட்டையை) நீக்கித் தரும்படி கடையில் கொடுத்த கணினி, ஃபார்மட் செய்யப்பட்டு, அதாவது விண்டோஸ் இருக்கும் சி டிரைவு துடைக்கப்பட்டு விண்டோஸ் மீண்டும் நிறுவப்பட்டு, திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் தேவையற்றது. குடும்பங்களுக்குப் பெரும் இழப்பை உண்டாக்குவது. அதற்கும் மேலாக, டூல்பாரை நீக்க அது சரியான மருந்தும் அன்று. இதைத் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கு விளக்க விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அம்மாப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு கைத்தறிக் குடும்பத்தினர், பாவு நூலும் ஊடை நூலும் வாங்கிய கணக்கையும், தறிக்காரர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கையும் வீட்டுக் கணினியில் எக்செல் கோப்புகளாக வைத்திருந்தார்கள். பிரவுசரைத் திறந்தால் அறியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது, பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் முளைக்கிறது என்பதுதான் அவர்களுடைய புகார். கடைக்காரர், "ஃபார்மட் செய்தால்தான் போகும், டி டிரைவில் இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தக் கோப்புகள் டெஸ்க்டாப்பில் இருந்தன. திரையில் கண்முன்னே தெரிகின்ற டெஸ்க்டாப்பும், டாக்குமெண்ட்ஸ் கோப்புறையும், டவுன்லோட்ஸ் கோப்புறையும் மாற்றி அமைக்கப்படாத கணினிகளில், ஃபார்மட்டில் அழிகின்ற சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரரும் கேட்டுப் பார்க்கவில்லை. கணினி சுத்தமாகத் திரும்பி வந்தது. கூலிக் கணக்கு வரவில்லை. இதைவிட வேதனையானது, வீட்டுப் பெண் தம்முடைய கூகுள் கணக்கில் மறுபடியும் நுழைந்த சிறிது நேரத்திலேயே அதே தேடல் பக்கம் திரும்பி வந்துவிட்டது. அது ஏன் வந்தது என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டியைக் கிழிப்பதற்காக வீட்டுச் சுவரையே இடிக்கும் வேலை இது. கூட்டுறவுத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான், அக்கம்பக்கத்தார் கேட்கும்போது இந்த டூல்பார்களை நீக்கிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இதற்காகக் கணினியை ஃபார்மட் செய்ய வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை.

முதலில், இவை எப்படி உள்ளே வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிஎஃப் கோப்பை மாற்றித் தரும் மென்பொருள், வீடியோவைப் பதிவிறக்கும் மென்பொருள், தமிழ் எழுத்துரு, பிரிண்டருக்கான டிரைவர் என்று எதையோ தேடிச் செல்கிறோம். பதிவிறக்கத் தளத்தில் பெரிய பச்சை நிறப் பொத்தான்கள் பல இருக்கும். அவற்றில் பல விளம்பரங்கள். நாம் தேடிய பொருளுக்கான உண்மையான இணைப்பு எங்கோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும். பதிவிறக்கிய கோப்பை இயக்கினால், "எக்ஸ்பிரஸ்" அல்லது "ரெகமெண்டட்" என்ற வழி ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருக்கும். "கஸ்டம்" என்ற மற்ற வழியைத் தேர்ந்தால்தான், கூடவே வரவிருக்கும் டூல்பாரின் பெயரும், முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றச் சம்மதம் தருவதற்கான, முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்ட கட்டங்களும் கண்ணில் படும். அனைத்தும் ஆங்கிலத்தில், அதுவும் சட்ட நடையில் இருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திச் செல்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அப்படி அழுத்த வேண்டும் என்பதற்காகவே அந்தப் பக்கங்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

அறியாத தளங்கள் மட்டும் இதைச் செய்ததாக எண்ணிவிடக் கூடாது. உலகம் முழுவதும் பயன்படுத்தப்பட்ட ஜாவா மென்பொருளின் விண்டோஸ் நிறுவியில், ஆஸ்க் என்ற தேடல் தளத்தின் டூல்பாருக்கான கட்டம் முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்ட நிலையில் பல ஆண்டுகள் இருந்தது. மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கு ஜாவா தேவைப்பட்ட காலத்தில், ஒப்பந்ததாரர்களும் சங்கங்களின் எழுத்தர்களும் அதை நிறுவத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அந்தக் கட்டம் மீண்டும் எதிரே வந்து நின்றது. 2015-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாதுகாப்பு மென்பொருள் வழியாக அந்த டூல்பாரின் பழைய பதிப்புகளைத் தேவையற்ற மென்பொருள் என்று வகைப்படுத்தி நீக்கத் தொடங்கியது. இதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. கூகுள் ஆய்வாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கணினியில் இத்தகைய மென்பொருளை நிறுவச் செய்வதற்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை இடைத்தரகர்களுக்கு வழங்கப்பட்டது. நமது ஒரு கவனக்குறைவான அழுத்தத்துக்கு எங்கோ ஒருவர் விலை வைத்திருக்கிறார் என்பதே இதன் பொருள்.

இன்றைய குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றில் பழைய காலத்து டூல்பார் பட்டையாகத் தெரிவதில்லை. ஃபயர்பாக்ஸ் 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு பழைய வகை நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு இணையும் துணை நிரல்) நிறுத்திவிட்டது; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் அதே தொழில் எக்ஸ்டென்ஷன் வடிவத்தில் நடக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகளைப் பத்திரமாக வைத்து இன்றும் பயன்படுத்தும் வீடுகளில், பழைய பட்டையையே நான் நேரில் பார்க்கிறேன். பட்டையோ நீட்சியோ, நிறுவும்போது "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டதாக இருந்தால், வங்கிப் பக்கத்தில் நாம் தட்டச்சு செய்வதும் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டதன்று. இது வெறும் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் இதுவே.

நீக்கும் முறைக்கு வருகிறேன். எதையும் தொடுவதற்கு முன், டூல்பாரின் பெயரையும், தேடும்போது எந்த முகவரிக்குப் போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திரையை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்ட்ரோல் பேனலில் உள்ள "புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்" பகுதியைத் திறந்து, நிறுவப்பட்ட தேதியின் தலைப்பை அழுத்தினால், பட்டியல் தேதி வரிசையில் அமையும். தொல்லை தொடங்கிய நாளில் வந்து சேர்ந்தவை ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். நாம் கேட்டு நிறுவிய மென்பொருளுக்குப் பக்கத்திலேயே, நாம் கேள்விப்படாத இரண்டு மூன்று பெயர்கள் அதே தேதியில் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அவற்றை அன்இன்ஸ்டால் செய்யும்போதும் விழிப்பாக இருக்க வேண்டும். "உங்கள் தேடல் அமைப்பை அப்படியே பாதுகாக்கவா?" என்பது போன்ற ஒரு கேள்வி வரும், பெரிய பொத்தானை அழுத்தினால் பட்டை போய்விடும், ஆனால் மாற்றப்பட்ட தேடுபொறி நிலைத்துவிடும்.

அடுத்தது பிரவுசருக்குள். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நமக்குத் தெரியாதவற்றை "ரிமூவ்" செய்ய வேண்டும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இதே வேலைக்கு "மேனேஜ் ஆட்-ஆன்ஸ்" என்ற இடம் உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் தேடுபொறி, தொடக்கத்தில் திறக்கும் பக்கம், ஹோம் பொத்தான் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டும். வீட்டில் குரோமும் எட்ஜும் இரண்டும் இருந்தால் இரண்டிலும், பிள்ளைகளுக்குத் தனிப் புரொஃபைல் இருந்தால் அதிலும் செய்ய வேண்டும். அதன் பின்பும் சந்தேகம் இருந்தால் "ரீசெட் செட்டிங்ஸ்" கொடுக்கலாம். இதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். குரோமில் ரீசெட் கொடுத்தால் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழிவதில்லை. எக்ஸ்டென்ஷன்கள் செயலிழக்கும், குக்கீகள் நீங்குவதால் தளங்களில் மறுபடியும் லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பக்கம் வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஃபார்மட் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுகிறது. எனவே இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் உறவினர் ஒருவருடைய வீட்டில் இதுவே நடந்தது. மலையில் இணைய வேகம் குறைவு. ஃபார்மட் செய்தால் விண்டோஸ் புதுப்பிப்புகளை மீண்டும் இறக்குவதற்கே நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணினியை 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் மேலே ஏற்ற வேண்டும். ஆகவே கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனிடம் நான் தொலைபேசியிலேயே சொல்லிக்கொண்டே வர, அவன் செய்தான். எக்ஸ்டென்ஷன் பக்கம் காலியாக இருந்தது, தேடுபொறி சரியாக இருந்தது, ஆனாலும் பிரவுசரைத் திறந்தவுடன் அந்நியப் பக்கம் வந்தது. "தம்பி, டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைக் கடைசி வரை படி" என்றேன். குரோமின் பெயரும் அதன் மேற்கோள் குறியும் முடிந்த பின், ஓர் இடைவெளி விட்டு, அந்த அந்நியத் தளத்தின் முகவரி ஒட்டப்பட்டிருந்தது. பிரவுசரில் குற்றமே இல்லை; அதைத் திறக்கும் கதவில்தான் முகவரியை எழுதி வைத்திருந்தார்கள். மேற்கோள் குறிக்குப் பின்னால் இருந்ததை மட்டும் அழித்துச் சேமித்ததும் தொல்லை நின்றது. டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு ஆகிய மூன்றிலும் உள்ள ஐகான்கள் வெவ்வேறு ஷார்ட்கட்கள் என்பதால் மூன்றையும் பார்க்க வேண்டும்.

சில வேளைகளில், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணி பதிவாகி, நாம் நீக்கியதை அது மீண்டும் நிறுவும். வேறு சில வேளைகளில், வீட்டுக் கணினியாக இருந்தும் குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி தென்படும். ஏதோ ஒரு மென்பொருள் பிரவுசருக்கு ஒரு கொள்கை விதியை எழுதி வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் நல்ல நோக்கத்தில் அவ்வாறு எழுதுவதுண்டு என்பதால் பதற வேண்டியதில்லை. இந்த இரண்டு இடங்களையும் கையால் திருத்துவது பழக்கமில்லாதவர்களுக்கு உகந்ததன்று. மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016-இல் வாங்கி இலவசமாக வழங்கிவரும் ஆட்வ்கிளீனர் என்ற சிறு மென்பொருள், டூல்பார்களையும் அவை விட்டுச்சென்ற பணிகளையும் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்துகிறது. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

அம்மாப்பேட்டைக் குடும்பத்துக்கு ஃபார்மட்டும் உதவாமற்போனதற்குக் காரணம், ஒத்திசைவு, அதாவது சிங்க். எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலும் தேடுபொறி அமைப்பும் கூகுள் கணக்கோடு சேர்ந்து வெளியே பத்திரமாக இருக்கின்றன. புதிய கணினியானாலும் துடைத்த கணினியானாலும், அந்தக் கணக்கில் நுழைந்து சிங்க் இயங்கத் தொடங்கியவுடன் அவை திரும்பி வருகின்றன. ஒரே கணக்கை வீட்டுக் கணினியிலும் மகளின் மடிக்கணினியிலும் பயன்படுத்துகிறார்கள் என்றால், ஒன்றில் சிங்கை நிறுத்தி, இரண்டிலும் எக்ஸ்டென்ஷனை நீக்கிய பிறகே மறுபடியும் சிங்கைத் தொடங்க வேண்டும். அந்த வீட்டில் அப்படிச் செய்த பிறகு தொல்லை திரும்பவில்லை. ஆனால் கூலிக் கணக்கு போனது போனதுதான்.

எல்லாம் முடிந்தபின், டூல்பார் இருந்த காலத்தில் அந்தக் கணினியில் பயன்படுத்திய மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்" பகுதிக்குள் தேவையற்ற மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் 10-இல் அது இயல்பாகவே இயங்கும்படி செய்யப்பட்டது என்றாலும், யாரேனும் அணைத்திருக்கலாம் என்பதால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். டூல்பாரின் பெயரைப் போட்டு "நீக்குவது எப்படி" என்று தேடினால், முதலில் வரும் பக்கங்களில் சில, அந்த டூல்பாரை விடவும் மோசமான மற்றொரு "ஸ்கேனரை" விற்பதற்காகவே எழுதப்பட்டவை. கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டிப் பணம் கேட்பது அவற்றின் வழக்கம். திரையில் தோன்றும் தொலைபேசி எண்ணை அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கொடுத்துவிட்டால், டூல்பார் பிரச்சினை வங்கிக் கணக்குப் பிரச்சினையாக மாறிவிடும். அப்படிப் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்ய வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்வி எழும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் மாசுபடுத்தும் நிரலை நுழைப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. டூல்பார் நிறுவனங்கள் தப்பிப்பது "அனுமதியின்றி" என்ற அந்தச் சொல்லால்தான். முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தை வைத்து, நீங்கள்தானே சம்மதித்தீர்கள் என்கிறார்கள். ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த வழிகாட்டுதல்கள், இணையத்தில் மக்களை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்திருக்கின்றன. குழப்பும் கேள்வி கேட்பதும், வேண்டாத மென்பொருளை வாங்கியே தீர வேண்டும் என்று வற்புறுத்துவதும், ஒரு பொத்தானைப் பெரிதாக்கி மற்றொன்றை மறைப்பதும், கணினியில் வைரஸ் இருப்பதாக மிரட்டிப் போலி நீக்கியை விற்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே, இவ்வாறு பெறப்படும் சம்மதத்தை முழுமையான சம்மதமாக ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் யார் வேண்டுமானாலும் முறையிடலாம். முதலில் எடுத்து வைக்கச் சொன்ன, கணினித் திரையின் படம் இங்கே சான்றாகும். இத்தகைய முறையீடுகள் தமிழ்நாட்டிலிருந்து எழ வேண்டும். ஒவ்வொரு வீடும் தனியே கடைக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டு மௌனமாக இருந்துவிட்டால், செய்தவர்களுக்கு அது தெரியப்போவதே இல்லை.

சேலத்தில் கணினி பழுதுபார்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அவர்களில் பலர் குறைந்த வருமானத்தில் நேர்மையாக உழைப்பவர்கள். வரிசையில் காத்திருக்கும் கணினிகளுக்கு நடுவே, ஒரு டூல்பார் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுவதைவிட ஃபார்மட் செய்வது விரைவாக முடியும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆயினும், ஃபார்மட் செய்வதற்கு முன் டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் என்ன இருக்கிறது என்று உரிமையாளரோடு உட்கார்ந்து பார்த்து, அவற்றை வேறொரு டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ எடுத்து வைத்து, ரசீதிலேயே அதைக் குறித்து, உரிமையாளரின் கையொப்பம் பெறும் நடைமுறையை அவர்கள் ஏற்க வேண்டும். கணினி பொறியியல் படிக்கும் மாணவர்கள் நிறைந்த ஊர் இது. கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஒரு விடுமுறை நாளில் மாவட்ட மைய நூலகத்திலும் ஏற்காட்டிலும் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் கணினிகளில் இந்த வேலையை அவர்கள் கண்முன்னே செய்து காட்டினால், அடுத்த முறை அந்தக் குடும்பங்கள் தாங்களே செய்துகொள்வார்கள். இதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. நூலகத்தில் ஒரு மேசையும் மின் இணைப்பும் போதும். கல்லூரி நிர்வாகங்களும் நூலகத் துறையும் இதைப் பரிசீலிக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் துறைக் கணக்கர்,
அஸ்தம்பட்டி, சேலம்.